பிள்ளைப்பாக்கத்துப் பிள்ளைகள்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். ஸ்ரீ ராமானுஜர் 1017-ஆம் ஆண்டு அவதரித்த புண்ணியத் தலம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருடைய 'தானுகந்த திருமேனி'யைச் சேவிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். 1991-ஆம் ஆண்டு மே 21-ந் தேதி ராஜீவ் காந்தி உயிர் நீத்ததும் இந்த ஊரில்தான். அவர் நினைவிடத்தையும் பலர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கோயிலையும் நினைவிடத்தையும் பார்த்தவர்களில் எத்தனை பேர் பக்கத்திலேயே இருக்கும் பிள்ளைப்பாக்கத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள்? பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்றுதான் கேட்பீர்கள். என் தங்கை அங்கே குடியேறும் வரை நானும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

ஸ்ரீபெரும்புதூரை விட்டு ஒரகடம் பக்கமாகத் திரும்பினதுமே காட்சி மாறிவிடுகிறது. ஒரு பக்கம் ஏரி, கரையில் பனைமரங்கள், மேயும் எருமைகள். மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கம்பெனிகளின் நீளமான மதில் சுவர். நடுவே சரக்கு லாரிகளும் கார்களை ஏற்றிப் போகும் நீள நீள வண்டிகளும். மழைக்காலத்தில் இங்குள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்ச் சேருகிறது. சென்னையில் நாம் குழாயைத் திறந்து பிடிக்கும் தண்ணீரில் இந்தப் பக்கத்து மழையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நினைத்தால் ஊர் உடனே சொந்தமாகிவிடுகிறது.

ஒரு காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமி. 1998-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை தொடங்கி, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை கொடுத்து, 2014-ல் மூடியும் விட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான். பிள்ளைப்பாக்கத்திலேயே சிப்காட் தொழிற்பூங்கா. இங்கே வேலைக்கு வரும் பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்: பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்ன நகரமே ஒரு விடுதிக்குள்!

தங்கை குடியிருப்பது ஒரு வரிசை வீட்டில். ஒரே கூரையின் கீழ் எட்டுக் குடித்தனம். தங்கையின் புகுந்த வீடு செய்யாறு பக்கம். அடுத்த வீட்டுக்காரர்கள் விழுப்புரம். அதற்கடுத்த வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். கோடியில் பீகார்க்காரர்கள். எட்டு வீட்டுக் கொடியிலும் எட்டு நிறத்தில் கம்பெனிச் சட்டைகள் காய்கின்றன. எந்தச் சட்டை காய்கிறது என்பதைப் பார்த்தே யாருக்கு எந்த ஷிப்ட் என்று சொல்லிவிடுகிறார்கள் இங்குள்ள பெண்கள்!

போன கோடை விடுமுறைக்கு அங்கே போய்ப் பத்து நாள் தங்கினேன். அப்போதுதான் அந்தக் கொடிகளில் இன்னொரு விதமான உடையும் காய்வதைக் கவனித்தேன். தும்பைப்பூ போல வெள்ளை வெளேரென்று, சின்னதும் பெரியதுமாக.

"அது என்னம்மா, யாராவது ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்களா?" என்று கேட்டேன்.

தங்கை சிரித்தாள். "இல்லக்கா. அது கராத்தே டிரஸ். நம்ம பெரியவளும் கத்துக்கறா. ஞாயித்துக்கிழமை போட்டி. அவளுக்கு இதுதான் முதல் போட்டி. நீ இருந்து பாத்துட்டுத்தான் போகணும்."

இச்சி, நி, சான்...

அன்று சாயங்காலமே வகுப்பைப் பார்க்கப் போனேன். கட்டடம் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. ஊர்க் கோயிலை ஒட்டிய வெற்றிடத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தார்கள். பதினாலு பிள்ளைகள், அவர்களில் ஐந்து பேர் பெண்கள். வெள்ளை பெல்ட்டும் மஞ்சள் பெல்ட்டுமாக வரிசையில் நின்றார்கள். சொல்லிக் கொடுக்கும் மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கலாம். பகலில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் வேலை. காலை ஷிப்ட் முடித்து, குளித்து, கறுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"இச்சி! நி! சான்! ஷி! கோ!" என்று அவர் எண்ண, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குத்து. ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ரொக்கு, ஷிச்சி, ஹச்சி, க்யூ, ஜூ என்று பத்து வரை போகிறது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என் தங்கை மகளுக்கு இந்தி தெரியாது. ஒடிசாக்காரக் குட்டிப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. பீகார்ப் பையனுக்கு அதுவும் இல்லை. ஆனால் "ரொக்கு" என்றதும் பதினாலு கையும் ஒன்றாகத்தான் நீள்கிறது! யாருக்கும் தாய்மொழியில்லாத ஒரு மொழியில் இந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் அதட்டுவதும் உண்டு. ஆனால் யாரையும் அடிக்கவில்லை. தாமதமாக வந்த பையனை ஓரமாக மண்டியிட்டு உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்குப் பின் "வா, வரிசையில நில்லு" என்றார். அவ்வளவுதான் தண்டனை.

பள்ளிக்கூடத்துக்கு வந்த கலை

கராத்தே என்றதும் நமக்கெல்லாம் சினிமாச் சண்டைதான் நினைவுக்கு வரும். ஓட்டை அடுக்கி உடைப்பது, கை மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றுவது இப்படி. ஆனால் அதன் கதை வேறு. ஜப்பானுக்குத் தெற்கே ஒகினாவா என்ற தீவுகளில் பிறந்த கலை. ரொம்ப நாள் சில குடும்பங்களுக்குள் மட்டும் மறைவாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டு வந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசு என்ற முதிய ஆசான்தான் அதைத் துணிந்து ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் உடம்புக்குத் தக்கபடி எளிய பாடங்களை அமைத்தார். அவருடைய மாணவர் புனாகோஷி, தொழிலில் பள்ளி ஆசிரியர். 1922-ல் டோக்கியோவுக்குப் போய் இந்தக் கலையை அரங்கேற்றிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அது உலகெங்கும் பரவியது.

இதைக் கேட்டபோது எனக்கு ராமானுஜர் நினைவுதான் வந்தது. திருக்கோஷ்டியூரில் குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைக் கோயில் மேல் ஏறி நின்று ஊருக்கெல்லாம் சொன்னவரல்லவா அவர்? அவர் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில், என்றோ மறைத்து வைத்திருந்த ஒரு கலையை வரிசை வீட்டுப் பிள்ளைகள் கற்பது பொருத்தம்தானே!

'கராத்தே' என்றால் 'வெறுங்கை' என்று பொருள். பிள்ளைகள் தொடக்கத்தில் கற்கும் பாடத்தொகுதியின் பெயர் 'ஹெயான்'. அமைதி என்று அர்த்தமாம். சண்டைக் கலையின் முதல் பாடத்துக்கு அமைதி என்று பெயர்! இப்படிப்பட்ட பாடத்தைத்தான் 'கத்தா' என்கிறார்கள். எதிரே ஆள் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு தடுத்தும் குத்தியும் செய்யும் 21 அசைவுகள். முதல் அசைவு அடி அல்ல, இடது பக்கம் திரும்பி ஒரு தடுப்பு. எந்த இடத்தில் தொடங்கினோமோ அந்த இடத்திலேயே வந்து முடிய வேண்டும். ஒரு அடி பிசகினாலும் வேறு இடத்தில் போய் நிற்போம். கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் இழை வந்து சேராதே, அது மாதிரிதான்.

'நமக்கெல்லாம் வயசாச்சு' என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கொரோனாவால் தள்ளிப் போய் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேயும் இடம் பெற்றது. பெண்கள் கத்தா பிரிவில் தங்கம் வாங்கியவர் ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சான்செஸ். அப்போது அவருக்கு வயது 39!

வீட்டுக்குள் ஒரு போட்டி

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு முன்னால் தங்கை வீட்டுக்குள்ளேயே ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. பெரியவளுக்குப் பன்னிரண்டு நடக்கிறது. மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவர் மனம் ஒப்பவில்லை.

"பேர் கொடுத்துப் பணமும் கட்டியாச்சு அண்ணி. இந்தப் போட்டிக்குப் போய்ட்டு வரட்டும். அதோட போதும்" என்றார் என்னிடம்.

"ஏன் மாப்பிள்ளை, ஆசையாத்தானே கத்துக்கறா?"

"கத்துக்கறது தப்புன்னு சொல்லல. ஏழரை மணிக்கு கிளாஸ் முடியுது. கம்பெனிச் சுவர் ஓரமா நடந்து வரணும். லாரிங்க வரிசையா நிக்கும், வெளிச்சம் கிடையாது. எனக்கு நைட் ஷிப்ட்டு. இவளுக்கு விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போகணும். யாரு போய்க் கூட்டிட்டு வருவாங்க? பெரியவளாகற வயசு வேற."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளக் கற்கப் போகும் பெண்ணைப் போகிற வழியிலேயே யார் காப்பது என்கிற கேள்வி! தங்கை வாயைத் திறக்கவில்லை. இதே பேச்சைப் பல நாள் பேசி ஓய்ந்தவள் என்று முகத்திலேயே தெரிந்தது.

மாமியார் கட்சி வேறு. அந்த அம்மாள் செய்யாற்றுக்காரர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "பொட்டைப் புள்ளைக்கு மூஞ்சியில அடிபட்டு மூக்கு கோணிப் போச்சுன்னா நாளைக்கு எவன் வருவான்? தோட்டைக் கழட்டணுமாமே! மூளிக் காதோட ஊர் நடுவுல நிக்கப் போறாளா?" என்று விளக்குமாற்றைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

இத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு பெண் மூலையில் உட்கார்ந்து பெல்ட்டை நீவி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் வந்து மெதுவாக, "பெரியம்மா, நான் ஜெயிச்சா அப்பா விடுவாராமா?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

முந்தின நாள் ஏற்பாடுகள்

போட்டிக்கு அனுப்பும் தாய்மாருக்கு மாஸ்டர் சொன்ன குறிப்புகள் எல்லாருக்கும் பயன்படும். கை, கால் நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு, அரைஞாண் வெள்ளி, எந்த உலோகமும் உடம்பில் இருக்கக் கூடாது. தனக்கும் ஆபத்து, எதிராளிக்கும் ஆபத்து. தலைமுடியை ஊசி, கிளிப் இல்லாமல் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிப் பின்ன வேண்டும். பல்லுக்குக் காப்பு, கைக்கு உறை கட்டாயம். இரவு சீக்கிரம் தூங்க வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். பூரி, வடை என்று எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பாக மூன்று இட்லி. நடுவில் பசித்தால் வாழைப்பழம், எள்ளுருண்டை. வெயில் காலமானதால் எலுமிச்சம்பழச் சாற்றில் சிட்டிகை உப்பும் சர்க்கரையும் போட்டு இரண்டு பாட்டில். ஒரே மூச்சில் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்ல வேண்டும். கலர் பானங்களைத் தொடவே கூடாது. வயிறு உப்பிக்கொண்டால் பிள்ளை எப்படிக் குதிக்கும்?

ஞாயிறு காலை. தோட்டை யார் கழற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாமியார் அம்மாளே வந்தார். "வாடி இங்க" என்று பேத்தியைத் திண்ணையில் உட்கார வைத்து, திருகாணியைப் பதமாகக் கழற்றி, இரண்டு தோட்டையும் தன் முந்தானை முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நானும் வரேன். எங்கயாவது வெச்சுத் தொலைச்சுட்டு வருவீங்க" என்றார். தோட்டுக்குக் காவலா, பேத்திக்குக் காவலா என்று நான் கேட்கவில்லை.

மணவறை இருந்த இடத்தில்

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மணவறை போடும் மேடையில் கோப்பைகளும் மெடல்களும். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு நடுவில் விரிப்புப் பாய்களைக் கட்டம் கட்டமாகப் பரப்பியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளை உடைப் பிள்ளைகள். பந்திக் கூடத்தில் தாய்மார்கள் டிபன் டப்பாவைத் திறந்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கேட்டால் கல்யாணமேதான், மேளம் மட்டும் இல்லை!

நம் பிள்ளைப்பாக்கத்துப் பதினாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஒரு தூண் அருகே ஒடுங்கி நின்றார்கள். மற்ற கிளப்புகளில் முதுகில் பெயர் அச்சடித்த சட்டை, கைப்பை, கொடி எல்லாம் இருந்தன. இவர்களிடம் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஒரு தண்ணீர்க் கேனும்தான். மாஸ்டர் குனிந்து, "யாரையும் பாக்காதீங்க. என் குரலை மட்டும் கேளுங்க" என்றார்.

முதலில் கத்தா. ஒருவர் இடுப்பில் சிவப்பு, ஒருவர் இடுப்பில் நீலம். செய்து முடித்ததும் நடுவர்கள் கொடியைத் தூக்குகிறார்கள். எந்த நிறக் கொடி அதிகமோ அவருக்கு வெற்றி. பீகார்ப் பையன் பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டான். உதடு துடிக்க நின்றவன், கும்பிடு போட்டுவிட்டு மரியாதையாக வெளியே வந்த பிறகுதான் அழுதான். எட்டு வயது ஒடிசாக்காரக் குட்டிதான் எல்லாரையும் அசத்தினாள். 21 அசைவையும் முடித்துப் புறப்பட்ட இடத்திலேயே ஆணி அடித்தாற்போல நின்றாள். மூன்றாம் பரிசு, வெண்கலம்! அவள் அம்மாவுக்கு அன்று ஷிப்ட். மதிய இடைவேளையில் தங்கை செல்போனில் படம் காட்டிப் பேசினாள். அந்தப் பெண் என்னென்னவோ சொன்னாள், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் புரிந்தது.

எங்கள் பெண் கத்தாவில் முதல் சுற்றில் ஜெயித்து, அடுத்த சுற்றில் வெளியே வந்தாள். பிறகு 'குமித்தே' என்னும் நேருக்கு நேர் போட்டி. குத்து சரியாக விழுந்தால் 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலை உயரத்துக்கு உதைத்தால் 3. ஆனால் ஓங்கி அடிக்கக் கூடாது. அடியைக் கட்டுப்படுத்துவதில்தான் திறமை. வேண்டுமென்றோ தெரியாமலோ பலமாக அடித்தால் அடித்தவருக்குத்தான் எச்சரிக்கை.

எதிரே நின்ற பெண் ஒரு பிடி உயரம். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆனால் முதல் புள்ளி எங்கள் பெண்ணுக்கு! இது இவள் குரல்தானா என்று நான் திகைக்கும்படி ஒரு கத்தல், ஒரு குத்து. பாட்டியம்மாள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. அடுத்ததாக அந்தப் பெண் ஒரு குத்து, 1-1. மூன்றாவது மோதலில் எதிராளியின் கை உதட்டில் பட்டுவிட்டது. வெள்ளை உடையில் ஒரு பொட்டு ரத்தம்.

"போதும்டி! வந்துடு!" என்று பாட்டியம்மாள் எழுந்துவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, எதிராளியை எச்சரித்து, முதலுதவிக்காரரைக் கூப்பிட்டார். பஞ்சால் துடைத்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். "தொடர்ந்து ஆட முடியுமாம்மா?" என்று கேட்டார். அந்தக் கணத்தில் பெண் யாரையும் பார்க்கவில்லை. பாட்டியை, அம்மாவை, என்னை, மாஸ்டரைக்கூட இல்லை. "முடியும் சார்" என்றாள்.

நான் அப்போதுதான் வாசல் பக்கம் பார்த்தேன். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த மாப்பிள்ளை, கம்பெனிச் சட்டையோடு செருப்பு விடும் இடத்தருகே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, தெரியவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. எதிராளியின் உதை ஒன்று விலாவில் சுத்தமாக விழுந்தது, 3-1. கடைசி விநாடிகளில் எங்கள் பெண் ஒரு குத்து, 3-2. மணி அடித்துவிட்டது. தோல்வி. இரண்டு பெண்களும் குனிந்து வணங்கினார்கள். கை கொடுத்தார்கள். ஜெயித்த பெண்ணின் அம்மா கைக்குட்டையில் ஐஸ் கட்டியை முடிந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "மன்னிச்சுக்கம்மா, வேணும்னு அடிக்கல" என்று அவர் சொல்ல, எங்கள் பாட்டியம்மாள், "விளையாட்டுன்னா படத்தான் செய்யும், அதுக்கு என்ன!" என்றாரே பார்க்கலாம்!

சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது பதினாலு பேருக்கு மூன்று மெடல். ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம். எல்லாருக்கும் சான்றிதழ்.

முறை வைத்தார்கள்

வேனில் திரும்பும்போது பெண் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தால் அப்பா விடுவார் என்று நம்பியிருந்தவள் அல்லவா? மாப்பிள்ளையும் ஒன்றும் பேசவில்லை. பேசியது பாட்டியம்மாள்தான். முந்தானையை அவிழ்த்துத் தோட்டைப் பேத்தி காதில் போட்டுக்கொண்டே, "தோத்த அன்னிக்கே நிறுத்திட்டா புள்ளை மனசுல தோத்ததுதான் தங்கும். இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்றார்.

"போறதுக்கு இல்லம்மா. வழி இருட்டா இருக்கு. அதுக்கு என்ன பண்றது?"

இதற்கு வழி சொன்னவள் விழுப்புரத்துக்காரப் பெண். அவள் பையனும் வகுப்பில் இருக்கிறான். "அஞ்சு வீட்டுப் புள்ளைங்க ஒரே வழியாத்தானே வருதுங்க. ஆளுக்கு ஒரு நாள் முறை வெச்சுப் போய்க் கூட்டிட்டு வந்தா என்ன? எனக்குக் காலை ஷிப்ட்டு வாரம் நான் போறேன்" என்றாள். வேனிலேயே கணக்குப் போட்டார்கள். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று சுழன்று வருவதால் அது லேசான கணக்கில்லை. ஒடிசாக்காரப் பெண்ணுக்குத் தங்கை சாயங்காலம் சைகையும் இந்தியுமாகச் சொல்லிப் புரியவைத்தாள். அவள் புதன்கிழமையைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். எல்லாருக்கும் வேலை என்கிற நாளில் பாட்டியம்மாளே டார்ச் விளக்கோடு போவதாக ஏற்பாடு. காகிதத்தில் அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை முழுச் சம்மதம் சொல்லிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். "அடுத்த பெல்ட் பரீட்சை வரைக்கும் பாப்போம்" என்றார். பெண்ணுக்கு அதுவே போதுமாயிருந்தது.

உங்கள் பிள்ளையைச் சேர்க்கும் முன்

கராத்தேயோ சிலம்பமோ எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். நம் சிலம்பமும் குறைந்ததல்ல. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அதை மேடையேற்றிக் காட்டினார்கள். அரசுப் பள்ளிகளில் மாணவியருக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சி அளிக்க, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மூன்று மாத வகுப்புகள் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் பெண் படிக்கும் பள்ளியில் உண்டா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளியில் சேர்ப்பதானால் இரண்டு மூன்று நாள் கூடவே உட்கார்ந்து வகுப்பைக் கவனியுங்கள். பெற்றோர் உட்காரக் கூடாது என்று சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளை அடிக்கிறாரா, பெண் குழந்தைகளிடம் எப்படிப் பழகுகிறார், முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வளரும் எலும்பு கொண்ட பிள்ளைகளை ஓடு உடைக்கவும் செங்கல் உடைக்கவும் விடாதீர்கள். அது வேடிக்கைக்குத்தான், பயிற்சிக்கல்ல. ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுளுக்கினால் எண்ணெய் போட்டு உருவாமல், துணியில் சுற்றிய ஐஸ் வைத்து ஓய்வு கொடுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளை உடையில் ரத்தக் கறை பட்டால் குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெந்நீர் கறையை இறுக்கிவிடும்.

ஸ்ரீபெரும்புதூருக்குச் சேவிக்கப் போகிறவர்கள் ஒரு மாலையை மிச்சம் வைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் பக்கமும் போய் வாருங்கள். ஏரிக் கரையில் காற்று நன்றாக இருக்கும். ஆறு மணிக்கு மேல் கோயில் பக்கமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால், லாரிச் சத்தத்துக்கு நடுவே "இச்சி, நி, சான்" என்று கேட்கும். ஏழரைக்குக் கம்பெனிச் சுவர் ஓரமாக ஒரு டார்ச் வெளிச்சம் வரும், அதன் பின்னால் ஐந்து பிள்ளைகள் வருவார்கள். புதன்கிழமையானால் ஒடிசாக்காரப் பெண்ணின் முறை.